நூறு வயசுத் தாத்தாவைச் சத்தமாகப் படிப்பது எப்படி

ஜன்னல் வழியே இறங்கிக் காணாமல் போகும் நூறு வயசுக்காரர் கதையை யோனாஸ் யோனாசன் 2009இல் சுவீடிஷில் எழுதினார். ராட் பிராட்பரியின் ஆங்கில மொழிபெயர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுப் பெரியவர்களுக்குத் தமிழில் சொல்லிக்காட்டப் போகிறீர்களா? முதலில் குரலைச் சரிசெய்யுங்கள். இந்த நாவலில் சிரிப்பு இருப்பது சம்பவத்தில் இல்லை, அதைச் சொல்கிற அலட்டாத தொனியில். ஏற்ற இறக்கம் போட்டால் செத்துவிடும். புதுச்சேரி வானொலியில் மாநிலச் செய்தி வாசிப்பார்களே, அந்தக் குரல் போதும்.

அடுத்த சிக்கல் நீ, நீங்க. பஸ் நிலையக் கழிப்பறைக்குள் பெட்டி நுழையாது. அதனால் முரட்டு இளைஞன் ஒருவன் அதை நம்ம நூறு வயசுத் தாத்தா ஆலன் கார்ல்சன் பொறுப்பில் விட்டுப் போகிறான். உள்ளே 5 கோடி குரோனர், சுவீடன் பணம். பஸ் வந்ததும் ஆலன் பெட்டியோடு ஏறிவிடுகிறார். கடலூர் பஸ் ஸ்டாண்டு மரியாதையில் "தாத்தா, கொஞ்சம் பாத்துக்கறீங்களா" என்று மொழிபெயர்த்தால் போச்சு. பெட்டியைத் தூக்கியது வெறும் திருட்டாகிவிடும். "ஏ கெழவா, பாத்துக்க" என்றிருந்தால்தான் கேட்பவர் தாத்தா பக்கம் சாய்வார்.

2005 மே 2, திங்கட்கிழமை தொடங்கும் துரத்தல் ஒரு தடம். 1905இலிருந்து வரும் வாழ்க்கை இன்னொன்று. அத்தியாயத் தலைப்பிலுள்ள தேதியை ஒவ்வொரு முறையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். விட்டால், ஸ்டாலினோடு விருந்து சாப்பிட்டவர் யானையோடு எப்படி வந்தார் என்று கேட்பார்கள். பழைய அத்தியாயங்களைத் தாண்டிப் போவதும் தப்பு. டென்ஷனே ஆகாத கிழவர் எப்படி உருவானார் என்பது அங்கேதான் இருக்கிறது. ஸ்பெயினின் பிராங்கோ, அமெரிக்காவின் ட்ரூமன், சீனாவின் மாவோ யாரென்று முன்கூட்டியே ஒரு வரி சொல்லிவிடுங்கள். ஜோக் முடிந்தபின் விளக்கினால் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

ஓர் இடத்தில் மட்டும் நிதானம். இளவயது ஆலனைப் பிடித்து ஆண்மை நீக்கம் செய்துவிடுகிறார்கள். நாவல் அதையும் அதே தொனியில் கடந்துபோகிறது. ஆனால் மனிதர்களை இனவாரியாகத் தரம்பிரித்த இன உயிரியல் நிறுவனத்தை உப்சாலாவில் 1922இல் சுவீடன் அரசே தொடங்கியது நிஜம். அங்கே கேட்பவர் சிரிக்காவிட்டால் உங்கள் வாசிப்பில் குறை இல்லை.

படிக்கிற இடமும் முக்கியம். சாயங்காலம் வண்டிப் போக்குவரத்தை நிறுத்திய பிறகு புதுச்சேரி பீச் ரோடு ஜோராகத்தான் இருக்கும். ஆனால் அலைச்சத்தத்தில் இந்தத் தணிந்த குரல் கேட்காது, கத்தினால் தொனி போய்விடும். பாரதி பூங்கா பெஞ்சு தேவலை.