பைத்தானில் எழுதிய ஜாவா

ஏழு வருடம் ஜாவா மொழியில் புரோகிராம் எழுதிவிட்டு, பைத்தான் மொழியில் எழுதும் குழு ஒன்றுக்கு மாறினேன். இலக்கணம் இரண்டு வாரத்தில் பிடிபட்டது. புரோகிராம் ஓடியது, டெஸ்ட் எல்லாம் பாஸ். மொழி வந்துவிட்டது என்றே நினைத்தேன்.

என் கோடை மற்றவர் படித்துப் பார்க்கும் முதல் கோட் ரிவ்யூவில் குழுவின் மூத்தவர் கேட்டது ஒன்றுதான்: "இவ்வளவு கெட்டர், செட்டர் எதுக்கு?"

ஆப்ஜெக்டுக்குள் இருக்கும் ஒரு மதிப்பை, அதாவது ஃபீல்டை, எடுக்கவும் மாற்றவும் எழுதும் சின்ன ஃபங்ஷன்கள்தான் கெட்டர், செட்டர். ஜாவாவில் அவற்றுக்குக் காரணம் உண்டு. ஃபீல்டைத் திறந்து விட்டுவிட்டு, பிறகு அதில் ஒரு சரிபார்ப்பைச் சேர்க்க நினைத்தால், அதைத் தொடும் இடங்களையெல்லாம் திருத்த வேண்டும். அந்தப் பயத்தில் முதலிலேயே வேலி போட்டுவிடுவோம். பைத்தானில் ஃபீல்டை அப்படியே விடலாம். பின்னால் தேவைப்பட்டால் பிராப்பர்ட்டியாக, அதாவது வெளியே ஃபீல்டு போலவே தெரிந்து உள்ளே ஃபங்ஷனாக ஓடுவதாக, மாற்றிக்கொள்ளலாம். பயன்படுத்துபவரின் கோடில் ஓர் எழுத்துகூட மாறாது. இல்லாத பேய்க்கு நான் நாற்பது வரியில் தாயத்து கட்டியிருந்தேன்.

ஒரு கிளாஸுக்கு ஒரே ஆப்ஜெக்ட் என்று கட்டுப்படுத்தும் சிங்கிள்டன் கதை இன்னும் மோசம். புரோகிராமின் அமைப்புகளை வைத்திருக்கும் கான்ஃபிக் ஆப்ஜெக்ட் ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும் என்று லாக் எல்லாம் வைத்து ஒரு கிளாஸ் எழுதினேன். பைத்தானில் ஒரு மாட்யூலை, அதாவது ஒரு கோட் ஃபைலை, எத்தனை இடத்தில் இம்போர்ட் செய்தாலும், அது ஓடுவது முதல் தடவை மட்டும்தான். மற்ற இடங்களுக்கு அதே மாட்யூல்தான் கிடைக்கும். வெறும் ஃபைலே போதுமாக இருந்தது. மூத்தவர் சிரித்தார். சரி, நானும் சிரித்து வைத்தேன்.

எண்ணுவதற்குக் கவுன்டர், வரிசை எண்ணோடு சுற்றிவர எனுமரேட் என்று பைத்தானே தரும் வசதிகள், இதெல்லாம் பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டது.

அப்புறம் எதிர்த்திசையில் ஓடினேன். எதைப் பார்த்தாலும் லிஸ்ட் காம்ப்ரிஹென்ஷன், அதாவது லூப்பை ஒரே வரியில் சுருக்கி லிஸ்ட் செய்யும் வழி. ஒன்றுக்குள் ஒன்றாக மூன்றை அடுக்கி ஒரே வரியில் முடித்த அன்று பெருமையாகக்கூட இருந்தது. இரண்டு மாதம் கழித்து அதே வரியில் பிழை. எழுதிய எனக்கே புரியவில்லை. சாதாரண ஃபார் லூப்பாகப் பிரித்துப் போட்டதும் தவறு பளிச்சென்று தெரிந்தது. முன்பு ஜாவா பழக்கத்தில் சுற்றி வளைத்தேன், இப்போது பைத்தான் தெரியும் என்று காட்டச் சுற்றி வளைத்திருக்கிறேன்.

போன வருடம் பழைய ஜாவா சர்வீஸ் ஒன்றைத் தொட வேண்டி வந்தது. சொந்த வீட்டுக்குப் போகிற நிம்மதி. நான்கு ஃபீல்டு, கன்ஸ்ட்ரக்டர், கெட்டர்கள், ஆப்ஜெக்டுகளை ஒப்பிட உதவும் ஈக்வல்ஸ், ஹேஷ்கோட் என்று கை தானாகவே எழுதிக்கொண்டு போனது. அன்று ரிவ்யூ செய்தவர் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத பெண். "இதுக்கு ஒரு ரெக்கார்டு போதுமே?" என்றாள். ஃபீல்டுகளை மட்டும் சொன்னால் மற்றதை ஜாவாவே பார்த்துக்கொள்ளும் வசதி அது. 2021இல் வந்த ஜாவா 16இலேயே நிலையாகிவிட்டதாம். ஃபைலில் கடைசியாக மிஞ்சியது ஒரே வரி.