வெட்டுமுகத்தில் ஒரு பச்சை

பழைய வேலியைப் பிரித்ததில் மிஞ்சிய கட்டைகளை அடுப்புக்கு ஆகும் என்று அடுக்கி வைத்திருந்தேன். நன்றாகக் காய்ந்த மரம், வீணாக்க மனசு வரவில்லை. ஒன்றை அறுத்துப் பார்த்தால் ஓரத்தில் மட்டும் விரற்கடை அளவுக்கு லேசான பச்சை. நடுவில் மரத்தின் சொந்த நிறம். சரி, பூச்சியும் பூஞ்சையும் அரிக்காமலிருக்க மருந்து ஏற்றிய மரம்.

பழைய கட்டைகளில் பெரும்பாலும் குரோமியம், செம்பு, ஆர்செனிக் மூன்றும் சேர்ந்த மருந்துதான் இருக்கும். அமெரிக்காவில் வீட்டு உபயோக மரங்களுக்கு 2003 முடிவோடு இதை நிறுத்திவிட்டார்கள். ஆனால் அதற்கு முன் அடித்த வேலிகள் இன்னும் நிற்கின்றனவே! எரித்தால் நஞ்சான ஆர்செனிக்கில் ஒரு பங்கு புகையோடு போகும். மீதி? சாம்பலில். கட்டை முழுக்கப் பரவிக் கிடந்தது ஒரு கைப்பிடிச் சாம்பலில் செறிந்து நிற்கும். அடுப்புச் சாம்பலை அள்ளிச் செடிக்குப் போடுகிற ஆள் நான். திக்கென்றது.

பச்சை வெளுத்திருந்தாலும் மருந்து போய்விட்டதாக அர்த்தமில்லை. புது மருந்துகளில் ஆர்செனிக் இல்லைதான், ஆனால் செம்பு உண்டு. அதையும் எரிக்கக் கூடாது. ஒட்டுப்பலகை, பெயின்ட் அடித்த மரமும் அப்படியே.

கட்டைகளைத் தனியாகக் கட்டிக் குப்பைக்கு ஒதுக்கிவிட்டேன். அறுத்த தூளையும் துடைப்பம் போடாமல் ஈரத்துணியால் ஒற்றி எடுத்தேன்.