மொய்ப் பணத்துக்கு ரசீது எங்கே?

செய்யாறு பக்கம் எங்கள் தெருக்கூத்து ஜமா, அதாவது கூத்துக் குழு. வேஷம் கட்டுவதோடு கணக்கு எழுதுவதும் என் வேலை. 2020 பங்குனியில் ஊரடங்கு வந்து திரௌபதி அம்மன் திருவிழாக்கள் நின்றன. அடுத்த சீசன் இரண்டாம் அலையில் போனது. அப்போதுதான் ஜமாவை நடத்தும் வாத்தியார், கலைக்குழுக்களின் குருவுக்கும் சிஷ்யர்களுக்கும் மாதத் தொகை தரும் மத்திய அரசின் குரு சிஷ்ய பரம்பரை நிதியுதவிக்கு எழுதிப் போடலாம் என்றார். நல்ல நேரம் பார்த்தார் போங்கள்! 2020-21இல் 3,150 கோடி ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவாக இருந்த மத்திய கலாச்சார அமைச்சகத்தின் ஒதுக்கீடு, 2021-22 பட்ஜெட்டில் 2,688 கோடிக்கு இறங்கியிருந்தது.

சங்கப் பதிவு, தர்பண் எண் (தொண்டு அமைப்புகளுக்கான அரசு இணையதளப் பதிவு எண்) எல்லாம் அலைந்தால் கிடைத்துவிடும். படுத்தியது மூன்று வருஷத் தணிக்கைக் கணக்குதான். கூத்து நடுவில் கதையை நடத்திச் சிரிக்க வைக்கும் கட்டியங்காரன் “மேலத்தெரு மாமா நூறு ரூபாய் அன்பளிப்பு” என்று கூவுவாரே, அந்த மொய்க்கு ஆடிட்டர் ரசீது கேட்டார். ஒவ்வொரு ஊரிலும் விடிந்ததும் மொத்தத்தை நோட்டில் எழுதி, விழாக்குழு ஆள் ஒருவரிடம் கையெழுத்து வாங்கும் பழக்கம் வாத்தியாருக்கு இருந்தது. அந்த நோட்டை வைத்து ‘நன்கொடை’ என்று காட்டினோம். கல்யாண முருங்கை மரத்தில் புஜக்கட்டை, அதாவது தோளில் கட்டும் அணி, செதுக்கும் ஆசாரி பில்லுக்கு எங்கே போவார்? வெறும் வவுச்சரில் அவர் கையெழுத்து. 5,000 ரூபாய்க்கு மேல் போனால் ஒரு ரூபாய் ரெவென்யூ ஸ்டாம்ப். ஆடிட்டர் ஒத்துக்கொண்டார்.

இப்போது இந்தத் திட்டத்தில் குருவுக்கு மாதம் 15,000 ரூபாய். சிஷ்யர்களுக்கு வயதைப் பொறுத்து 2,000 முதல் 10,000 வரை, அதிகபட்சம் 18 பேர். எல்லாம் வங்கிக் கணக்கு வழியாகத்தான். அதனால் பையன்களின் பாஸ்புக் உயிரோடு இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

எங்களுக்குக் கிடைத்தது. ஆனால் மாதச் சம்பளம் போல வரும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். பிந்தி, மொத்தமாக வரும். என்னைக் கேட்டால் தொகையைக் குறைப்பதைக்கூடத் தாங்கலாம், தள்ளிப்போவதைத் தாங்க முடியாது. எங்களிடம் நன்றாகப் பெண் வேஷம் கட்டிய பையன் காத்திருந்து பார்த்துவிட்டுச் சிப்காட் ஷூ கம்பெனிக்குப் போய்விட்டான். அவனைக் குறை சொல்ல முடியுமா? இப்போது சனிக்கிழமை கூத்துக்கு மட்டும் வருகிறான்.

அப்புறம், வந்த பணத்தை எப்படிச் செலவழித்தோம் என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழ். அது போகாமல் அடுத்த தவணை வராது. மார்ச் முடிந்த கையோடு ஆடிட்டரைப் பிடித்துவிடுங்கள். சித்திரை பிறந்துவிட்டால் ஜமாவில் பகலில் கண் திறக்கிற ஆளே கிடைக்காது.