எங்கட ஜூலை 21

போன மாசம் பேத்தி ஸ்கூல் ப்ரொஜெக்ட் ஒண்டில மனுசர் சந்திரனில கால் வைச்சது 1969 ஜூலை 20 எண்டு எழுதி வைச்சிருந்தா, நான் இல்லை பிள்ளை 21 எண்டன், அப்பப்பாக்கு மறதி வந்திட்டுது எண்டமாதிரி ஒரு பார்வை. உண்மையில ரெண்டுபேரும் சரி. ஆம்ஸ்ட்ரோங் கால் வைக்கேக்க இஞ்ச ரொறன்ரோவில ஞாயிறு இரவு 10.56, இலங்கையில எங்கட ஊரில திங்கள் காலமை 8.26. மலருக்கு ஏதும் எழுதித் தாங்கோ எண்டு செயலாளர் தம்பி கரைச்சல் படுத்திக்கொண்டிருந்தவர், சரி இதையே எழுதுவம்.

இதில ஒரு பகிடி இருக்கு, அது எங்கட காலத்துப் பெடியளுக்குத்தான் விளங்கும். அப்ப நாட்டில சனி ஞாயிறு லீவு இல்லை! டட்லி சேனநாயக்கா அரசாங்கம் 1966 ஜனவரி 1 தொடக்கம் ஞாயிறை எடுத்துப்போட்டு புத்த சமயத்துப் போயா நாளுகளை லீவாக்கினது. பறுவம் (பௌர்ணமி), அமாவாசை, ரெண்டு அட்டமி, மாசத்தில நாலு போயா, கந்தோருகளுக்கு முதல் நாள் அரை நாள். லீவு ஒருக்கா செவ்வாய் வரும், பிறகு புதன் வரும், போர்டிங்கில பஞ்சாங்கம் பாக்காமல் ஆருக்கும் கிழமை தெரியாது. பறுவத்துக்கும் அமாவாசைக்கும் விரதம் பிடிக்கிற வீடுகளுக்கு நல்ல வசதி, வேதக்காரப் பெடியள்தான் பாவம், ஞாயிறு விடியப்புறம் பூசைக்கு ஓடிப்போட்டு வந்து புத்தகம் தூக்கவேணும். 1971இல சிறிமா அம்மையார் காலத்திலதான் திரும்ப சனி ஞாயிறு வந்தது, பறுவப் போயா மட்டும் இண்டைவரைக்கும் நிண்டிட்டுது.

அப்ப சந்திரன் பாத்து லீவு விடுற நாட்டில இருந்துகொண்டுதான் நாங்கள் சந்திரனில இறங்கின கதையைக் கேட்டனாங்கள். ஆடிப்பிறப்பு முடிஞ்சு நாலைஞ்சு நாள், வளர்பிறை அட்டமி கிட்டின நேரம். டிவி எண்டு ஒரு சாமான் நாட்டுக்கு வர இன்னும் பத்து வருசம் கிடக்கு. போர்டிங் மாஸ்டரின்ர அறை யன்னலில முப்பது தலை, உள்ளுக்க ரேடியோ ஷோர்ட் வேவில கரகரக்குது, இங்கிலீசு பாதி விளங்கேல்லை, மாஸ்டர் திடீரெண்டு கையைத் தட்டினார், நாங்களும் தட்டினம். குசினியில சமைக்கிற அண்ணை அகப்பையோட வந்து கேட்டார், "கால் வைச்சிட்டாங்களோ? அப்ப இனி போயா லீவு குடுப்பாங்களோ?" மாஸ்டரே சிரிச்சிட்டார்.

அந்த நேரம் வானத்தில சந்திரன் இல்லை, அது எழும்ப மத்தியானம் ஆகும். பொழுதுபட்டாப் பிறகுதான் கிரவுண்டுக்கு ஓடினம். சோளகக் காத்து பனையளைப் போட்டு உலுப்புது, மேல அரைவாசிக்குக் கொஞ்சம் குறைஞ்ச நிலா. ஒருத்தன் அந்தா கொடி தெரியுது எண்டு பொய் சொன்னான், ரெண்டு பேர் நம்பினவை, நானும் ஒருத்தன்.

ஆனா அந்த நேரம் ஆம்ஸ்ட்ரோங்கும் ஓல்ட்ரினும் உண்மையா அங்கதான் இருந்தவை. எங்கட நேரம் காலமை 10.41க்கே நடந்து முடிச்சு, இறங்கின கலம் ஈகிளுக்க ஏறி, ஒருத்தர் நிலத்திலயும் மற்றவர் எஞ்சின் மூடியிலயும் சாய்ஞ்சு, குளிரில சரியா நித்திரையும் இல்லாமல். இது எனக்குத் தெரிஞ்சது கன வருசத்துக்குப் பிறகு வாசிச்சுத்தான். அவை திரும்ப வெளிக்கிட்டது இரவு 11.24க்கு. போர்டிங்கில 9 மணிக்கே லைட் ஓஃப்.

பேத்தி கடைசியில ரெண்டு திகதியையும் எழுதினா. 21க்குப் பக்கத்தில ‘அப்பப்பா’ எண்டு ப்ரக்கெட்டில போட்டிருக்கிறா.