பசியில்லாத மாசி

10 பிப்ரவரி 2025, திங்கள்

அட்மிஷன் ஆகிவிட்டது. எடை குறைக்க இரைப்பையை வெட்டிச் சின்னதாக்குகிற ஆபரேஷன். உயரம் 160, எடை 118. கவுண்டரில் இருந்த பெண் சத்தமாகப் படித்தாள். வரிசையில் நின்ற எல்லாருக்கும் கேட்டது. கேட்கட்டும்.

இரண்டு வாரமாகப் புரோட்டீன் பவுடரும் மோரும்தான். கல்லீரலில் படிந்த கொழுப்பு குறைந்து அது சுருங்கினால்தான், தூக்கிப் பிடித்துக்கொண்டு அடியில் இருக்கிற இரைப்பையில் வேலை பார்க்க முடியுமாம். சுருங்கியிருக்க வேண்டும். என் கோபமெல்லாம் அங்கேதான் போயிருக்கிறது.

ஊரில் எல்லாருக்கும் ஹெர்னியா, அதாவது குடலிறக்கம் என்று சொல்லியாயிற்று. அம்மா ஒத்திகை பார்த்து வைத்திருக்கிறாள்.

11 பிப்ரவரி, செவ்வாய்

பூசம். ஆஸ்பத்திரியே லீவு மாதிரி இருக்கிறது. மயக்க மருந்து டாக்டர் வந்து வாயைத் திறக்கச் சொன்னார், கழுத்தை அளந்தார், குறட்டைக்குப் போடுகிற சிபாப் மெஷினைக் கொண்டுவந்தீர்களா என்று கேட்டார். அவர் கிளம்பும்போது அம்மா கேட்டேவிட்டாள். போன வருஷம் சென்னையில் இதே ஆபரேஷனுக்குப் போய்த் திரும்பாத புதுச்சேரிப் பையன். டிவியில் பார்த்ததிலிருந்து மனதில் வைத்திருக்கிறாள். நல்ல மனுஷன், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பதில் சொன்னார். அம்மா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். அவர் போனதும், "எல்லாம் சரி, நீ ஏன்த்தா இப்படியே இருக்கக் கூடாது?" என்றாள்.

12 பிப்ரவரி, புதன்

முடிந்தது. தொண்டை எரிகிறது. தோள்பட்டை.

13 பிப்ரவரி, வியாழன்

மாசி பிறந்துவிட்டது.

வயிற்றில் ஐந்து ஓட்டை. வலி அங்கே இல்லை, இடது தோளில். உள்ளே வேலை பார்க்க இடம் வேண்டும் என்று கார்பன் டை ஆக்சைடு ஊதுகிறார்கள். மிச்சம் போய் உதரவிதானத்துக்கு அடியில் உட்கார்ந்துகொள்கிறது. உதரவிதானத்தின் நரம்பு கழுத்திலிருந்து கிளம்புகிறதாம், தோளுக்கும் அங்கிருந்துதான். அதனால் தோள் வலிக்கிறது. மருந்து? நடக்கணும். "நடக்கணும் சேச்சி" என்று அந்த மலையாள நர்ஸ் மூன்று தடவை எழுப்பிவிட்டாள். டிரிப் கம்பியைத் தள்ளிக்கொண்டு வராந்தா முழுக்க நடந்தேன். படுத்தால் ஊதுகுழலை நீட்டுகிறாள். உறிஞ்சி இழுத்தால் பந்துகள் மேலே எழும்ப வேண்டும். ஒரு பந்து எழும்பியது. மூன்றாவது அசையக்கூட இல்லை.

காலையில் நீலத் தண்ணீர் குடிக்கக் கொடுத்தார்கள். பக்கவாட்டு டியூபில் நீலம் வந்தால் கசிவு. வரவில்லை. அப்புறம்தான் நல்ல தண்ணீர்: இருமல் மருந்து மூடி அளவு டம்ளரில் 30 மில்லி, அதையும் கால் மணி நேரம் வைத்துக் குடிக்க வேண்டும். அம்மா பையிலிருந்து பாலாடையை எடுத்தாள். என் மகள் பாப்பாவுக்குக் கைக்குழந்தையில் பால் புகட்டினது. எதற்குக் கொண்டுவந்தாள், எப்போது பையில் வைத்தாள், தெரியவில்லை. நான் வேண்டாம் என்றேன். கோபித்துக்கொண்டாள்.

எடை 120.2. சிரிப்பு வந்தது, சிரித்தால் தையல் இழுக்கிறது. ஏற்றின குளுக்கோஸ் தண்ணீராம், இறங்கிவிடுமாம்.

14 பிப்ரவரி, வெள்ளி, விடியாத நேரம்

தூக்கம் இல்லை. விரலில் மாட்டின, நாடித்துடிப்பைக் காட்டுகிற கிளிப்பையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். 98. 101. 96.

இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை நீளவாக்கில் டைட்டானியம் பின் அடித்து மூடியிருக்கிறார்கள். அந்த வரிசையில் எங்காவது கசிந்தால் முதலில் காட்டிக்கொடுப்பது நாடித்துடிப்பு என்று டாக்டர் சாயங்காலம் சொல்லிவிட்டுப் போனார். 120-க்கு மேல் போய் இறங்காமல் நின்றால், காய்ச்சல் அடித்தால், இடது தோளில் வலி வந்தால், எந்நேரமானாலும் கூப்பிடுங்கள். இடது தோளில் வலி! வாயு வலியும் அங்கேதானே இருக்கிறது? "நடந்து குறைந்தால் அது வாயும்மா" என்றார். அதனால் நடக்கிறேன். நடந்தால் துடிப்பு 112. உடனே உட்கார்கிறேன். உட்கார்ந்தால் பயம் வருகிறது, பயந்தால் 108. மறுபடி எழுந்து நடக்கிறேன். பக்கத்துக் கட்டில் பாலக்காட்டு அக்கா பித்தப்பை எடுத்தவர். என்னைப் பார்த்துப் பார்த்து அவருக்கும் தூக்கம் போய்விட்டது. "குட்டீ, அந்தக் கிளிப்பைக் கழட்டி வை" என்றார். கழட்டினேன். பிறகு கழுத்தில் விரலை வைத்து எண்ண ஆரம்பித்தேன்.

94.

14 பிப்ரவரி, மாலை

வெட்டி எடுத்ததை எங்கே போட்டார்கள் என்று அம்மா நர்ஸிடம் கேட்டிருக்கிறாள். ஒரு துண்டு லேபுக்குப் போகும், மற்றதெல்லாம் மஞ்சள் பை. உடம்பிலிருந்து எடுப்பதெல்லாம் மஞ்சள் பையில்தான் போட வேண்டும், அதை எரிக்க வேண்டும், 2016-லிருந்து சட்டமே இருக்கிறதாம். "மண்ணுல புதைக்கக் கொடுக்க மாட்டாகளா?" என்று அம்மா. பாப்பா பிறந்தபோது நஞ்சுக்கொடியைத் தென்னை மரத்தடியில் புதைத்தவள் அவள்.

என் பசி அந்தப் பையில்தான் போயிருக்கிறது. சும்மா சொல்லவில்லை. பசியைக் கிளப்புகிற கிரெலின் சுரப்பதில் பெரும்பங்கு இரைப்பையின் மேல்பாகத்தில்தான் நடக்கிறது. அந்தப் பாகத்தை அப்படியே எடுத்துவிட்டார்கள்.

15 பிப்ரவரி, சனி

காலை பத்து மணிக்கே டாக்டர் கையெழுத்துப் போட்டுவிட்டார். வெளியே வந்தபோது தெருவிளக்கு எரிந்தது. நடுவில் முழுக்க இன்சூரன்ஸ்.

டிஸ்சார்ஜ் கேட்டு மூன்று மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று 2024-ல் இன்சூரன்ஸ் கம்பெனிகளை மேற்பார்க்கிற ஐஆர்டிஏஐ சுற்றறிக்கையே போட்டிருக்கிறது. என் வீட்டுக்காரர் அதை போனில் எடுத்துவைத்துக்கொண்டு இன்சூரன்ஸ் கவுண்டருக்கும் ரூமுக்கும் நடந்தார். எனக்குச் சொன்ன நடையை அவர்தான் நடந்தார். உயரத்துக்கு எடை எவ்வளவு என்று கணக்கிடுகிற பிஎம்ஐ 40 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும், இல்லையென்றால் 35 அல்லது அதற்கு மேல் இருந்து கூடவே கட்டுக்கு அடங்காத சர்க்கரை மாதிரி ஏதாவது இருக்க வேண்டும் என்பது விதி. எனக்கு 46. அப்படியும் ஒரு கேள்வி வந்தது: உணவுக் கட்டுப்பாட்டை முயன்றதற்கு ஆதாரம் என்ன? கொள்ளு, பேலியோ, காலையில் வெந்நீரில் எலுமிச்சை, ஜிம்முக்குக் கட்டின பணம். இதற்கெல்லாம் யார் பில் வைத்திருக்கிறார்கள்? பட்டினி கிடந்ததற்கு ரசீது உண்டா?

ஏழு மணிக்கு மேல் சம்மதம் வந்தது. கையுறை, பஞ்சு, ஊதுகுழல் எல்லாவற்றுக்கும் கையிலிருந்து கட்டினோம். ஊதுகுழல் இப்போது சொந்தம்.

இரண்டு நாள் கோயம்புத்தூரிலேயே இருந்துவிட்டுக் கிளம்பச் சொல்லியிருக்கிறார்கள். லாட்ஜ்.

16 பிப்ரவரி, ஞாயிறு

கீழே ஹோட்டல். மதியம் முருங்கைக்காய் சாம்பார் வாசனை ஜன்னல் வழியே வந்தது. வாயில் எச்சில் ஊறியது. வயிறு ஒன்றுமே சொல்லவில்லை. யாரோ இன்னொருத்தியின் வாய் மாதிரி. எனக்கு அழுகை வந்தது, ஏன் என்று அம்மா கேட்டாள், தோள் வலி என்றேன்.

17 பிப்ரவரி, திங்கள்

வீட்டுக்கு வந்தாயிற்று. படுத்துக்கொண்டே எழுதுகிறேன்.

காலை ஏழு மணிக்குக் கிளம்பினோம். சீட் பெல்ட் சரியாக அந்த ஓட்டைகள் மேலேதான் வருகிறது. லாட்ஜ் தலையணையை வைத்துப் பார்த்தார்கள், பெரிது. கடைசியில் அம்மாவின் கம்பளித் துண்டைச் சுருட்டி நடுவில் வைத்தோம். கால் ரத்தம் உறைந்துவிடக் கூடாது என்று இறுக்கமான சாக்ஸ், மணிக்கு ஒரு தடவை வண்டியை நிறுத்தி இறங்கி நடக்க வேண்டும் என்று உத்தரவு. டிரைவர் தம்பிக்கு ஹெர்னியா என்றுதான் சொல்லியிருந்தோம். "ஹெர்னியான்னா எங்க மாமாவும் இப்படித்தான்க்கா" என்று பொள்ளாச்சி வரை மாமா கதை.

நான் இதுவரை இந்த ரோட்டில் வேகத்தடையைக் கவனித்ததே இல்லை. பள்ளிக்கூடத்துக்கு ஒன்று, கோயிலுக்கு ஒன்று, யார் கேட்டார்களோ அவர்களுக்கு ஒன்று. பெயின்ட் அடித்தது பரவாயில்லை, முன்னாலேயே தெரியும். தெரியாததுதான் உயிரை எடுத்தது. உடுமலைக்கு முன்னால் ஒன்றில் வண்டி குதித்தது. கத்திவிட்டேன். அதற்கப்புறம் தம்பி ஒவ்வொன்றுக்கும் "அக்கா, வருது" என்று சொல்ல ஆரம்பித்தார். நான் துண்டை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொள்வேன். மடத்துக்குளம் தாண்டும்போது அம்மாவும் சேர்ந்து "வருது" என்றாள்.

பழனியில் பூசம் முடிந்தும் கூட்டம். பூசத்துக்கு அப்புறம் வருகிற எடப்பாடிக்காரர்களைப் பற்றித் தம்பி சொன்னார். ராத்திரி மலைமேலேயே தங்குகிற உரிமை அவர்களுக்கு உண்டு, பஞ்சாமிர்தத்தை டன் கணக்கில் தாங்களே பிசைந்துகொள்வார்களாம். மணிக்கு ஒரு தடவை நடக்கிற இடம் அங்கே வந்தது. ரோட்டோரம் காவி வேட்டியோடு ஒரு கூட்டம் வெறுங்காலில் ஊர் திரும்பிக்கொண்டிருந்தது. நான் கம்பளித் துண்டை வயிற்றில் அணைத்தபடி காருக்கு முன்னும் பின்னுமாக நடந்தேன். ஒரு பாட்டி, "எத்தனாவது மாசம்?" என்று கேட்டது. "ஒன்பது" என்றேன். வேறென்ன சொல்ல?

அம்மா அதற்குள் போய் ஒரு டப்பா வாங்கி வந்துவிட்டாள். விருப்பாச்சி மலை வாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, பேரீச்சை, கற்கண்டு, தேன், நெய், ஏலக்காய். "பிரசாதத்துக்கு என்னத்தா பத்தியம், நாக்குல தொட்டு வச்சுக்க." வேண்டாம் என்றேன். டப்பாவைத் திறந்து மூக்குக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒட்டன்சத்திரம் வரை வந்தேன். இவர் கண்ணாடியில் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

செம்பட்டி, வத்தலகுண்டு. வத்தலகுண்டில் சுத்தமான பாத்ரூம் தேடி மூன்று பெட்ரோல் பங்க். தேவதானப்பட்டியிலிருந்து மலை கூடவே வந்தது. தேனி தாண்டினதும் தூங்கிப்போனேன், போடிக்குள் நுழைந்தது தெரியாது. வாசலில் எதிர்வீட்டு அக்கா: "குடலிறக்கத்துக்கா இவ்ளோ நாளு?"

18 பிப்ரவரி

துடிப்பு 88.

20 பிப்ரவரி, வியாழன்

வெறும் வயிற்றில் சர்க்கரை 108. ஆபரேஷனுக்கு முன்னால் மாத்திரை, ஊசி எல்லாம் போட்டும் 190-க்குக் கீழே பார்த்ததில்லை. எடை இன்னும் பெரிதாக இறங்கக்கூட இல்லை, அதற்குள் சர்க்கரை இறங்கிவிட்டது. இன்சுலின் நிறுத்தியாயிற்று. அம்மா குளுக்கோமீட்டரைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டாள். எடுத்து வைத்தேன்.

23 பிப்ரவரி, ஞாயிறு

ரத்தம் உறையாமல் இருக்கிற ஊசியை இவர்தான் போடுகிறார். வயிற்றில், தொப்புளுக்குத் தள்ளி. கை நடுங்குகிறது, அவருக்கு. தோல் அங்கங்கே கன்றிப்போய் நீலமாக இருக்கிறது.

ஒரு நாளைக்கு 60 கிராமாவது புரோட்டீன் போக வேண்டும். வெனிலா பவுடரை மோரில் கலந்தால் எப்படி இருக்கும் என்று யாரும் தெரிந்துகொள்ள வேண்டாம். இன்றைக்கு அவசரமாக இரண்டு மடக்கு சேர்த்து விழுங்கிவிட்டேன். நெஞ்சில் கல். பத்து நிமிஷம் கழித்து வெறும் நுரை நுரையாக வந்தது. 104, 106. அப்புறம் 92.

சின்ன மாமியார் போன். புதன்கிழமை சிவராத்திரி, குலசாமி கோயிலுக்கு வராமல் இருக்கலாமா, வேனில் படுத்துக்கொண்டே வரலாமே, ஹெர்னியாதானே?

24 பிப்ரவரி

போகவில்லை. இவர் மட்டும் போகட்டும்.

24 பிப்ரவரி, ராத்திரி

போகலாமா?

27 பிப்ரவரி, வியாழன்

போகவில்லை. விடிய விடிய இவர் அங்கே, நான் இங்கே டிவியில் சிவராத்திரி. மதியம் நாத்தனார் தூக்குச்சட்டியில் கிடாக்கறிக் குழம்போடு வந்துவிட்டார். சாமிக்கு வெட்டினது, ஒரு வாயாவது சாப்பிடணும் அண்ணி. ஆறப்போட்டிருக்கிறேன், ராத்திரி சாப்பிடுகிறேன் என்றேன். அவர் எழுந்திருக்கவில்லை. கால் மணிக்கு ஒரு தடவை என் கை தானாக அந்த டம்ளருக்குப் போகிறது. அவர் டம்ளரைப் பார்த்தார், மேசையில் இருந்த டப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஹெர்னியாவுக்கு எதுக்கு அண்ணி இவ்ளோ சின்ன டம்ளர்?"

அம்மா உள்ளேயிருந்து, "அது மருந்து டம்ளர்" என்று சத்தம் கொடுத்தாள்.

போகும்போது நாத்தனார் வாசலில் நின்று மெதுவாகக் கேட்டார்: எவ்வளவு ஆச்சு? நான் பில்லைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், அந்த டாக்டர் நம்பர் இருக்கா என்றார்.

1 மார்ச், சனி

மஞ்சள் பை கனவில் வந்தது. எழுதப் பிடிக்கவில்லை.

3 மார்ச், திங்கள்

பாப்பாவுக்கு இன்றைக்குப் பிளஸ் டூ முதல் பரீட்சை, தமிழ். இட்லி வைத்தால் தொடவில்லை. "பசிக்கலைம்மா" என்கிறாள். என்னிடம் வந்து சொல்கிறாள். அடிக்காத குறைதான். ஒரு இட்லியைப் பாலில் கரைத்துக் குடிக்க வைத்து அனுப்பினேன்.

எடை 109.4. இன்றிலிருந்து மசித்த சாப்பாடு. பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்து வடிகட்டாமல் மூன்று ஸ்பூன். உப்பு, சீரகம். வாயிலேயே வைத்திருந்தேன். நாலாவது ஸ்பூனுக்கு இடம் இல்லை.

நாளைக்கு டயட்டீஷியன் போன் பண்ணுவார். கேட்க வேண்டியது: முட்டை மஞ்சள் சேர்க்கலாமா? பித்தப்பையில் கல் வராமல் இருக்கக் கொடுத்த மாத்திரையைப் பொடித்தால் கசக்கிறது, முழுசாக விழுங்கலாமா? முடி கொட்டும் என்றார்களே, எந்த மாசம் ஆரம்பிக்கும்? நாத்தனாரின் பிஎம்ஐ 34, அவருக்குச் சர்க்கரை இருக்கிறது, அவர்கள் பாலிசியில்