புரொபசருக்கு மெயில் போட முதல் அவற்ற கரியரை வாசியுங்கோ

பிஎச்டிக்கு அப்ளை பண்ணுற தம்பி தங்கச்சிமார் கனபேர் முதல்ல கேக்கிறது "அண்ணா, ஜிபிஏ எவ்வளவு இருந்தா காணும்?" எண்டுதான். அதுவும் வேணும்தான், ஆனா பயோமெடிக்கல் மைக்ரோடிவைஸ் (இரத்தம், செல் மாதிரியானதுகளைச் சோதிக்கிற சின்னஞ்சிறு கருவியள்) பக்கம் போறதெண்டா ஆரிட்ட போறீங்க எண்டதுதான் பெரிய விசயம்.

நான் மொறட்டுவயில எலக்ட்ரோனிக்ஸ். மட்ஸ் செய்த எங்களுக்கு பயோலொஜி ஓஎல் சயன்ஸோட முடிஞ்சுது, அதால இந்தப் பீல்டுக்கு நாங்க சரிவருவமோ எண்டு ஒரு பயம் இருந்தது. அமெரிக்காவில இந்தப் பீல்டில இருக்கிற ரஷீட் பஷீர் எண்ட புரொபசரிண்ட சீவியை வாசிச்ச பிறகுதான் அது போச்சு. ஆள் 1992ல பர்டியூ யூனிவர்சிட்டியில எலக்ட்ரிக்கல் பிஎச்டி முடிச்சு, நேரா நேஷனல் செமிகண்டக்டர் கொம்பனிக்குப் போய் 1998 வரைக்கும் அங்க வேலை, பிறகு பர்டியூவுக்கே புரொபசரா வந்து சிலிக்கன் சிப் செய்யிற அதே கையால பக்டீரியா, செல் எல்லாம் பிடிக்கிற பயோசென்சர் செய்யத் தொடங்கினவர், 2007ல இலினோய் யூனிவர்சிட்டிக்கு மாறி 2018ல அங்க இன்ஜினியரிங் டீன். அப்ப எலக்ட்ரோனிக்ஸ்காரருக்கு இங்க இடமில்லையா என்ன?

இப்பிடி ஒவ்வொருத்தற்ற கரியரையும் பாருங்கோ. அசிஸ்டன்ட் புரொபசரெண்டா டெனியூர் (நிரந்தர வேலை) எடுக்கோணும், அதால லாப்பில பக்கத்தில நிண்டு வேலை வாங்குவார், ஆள் தேவையும் கூட. பேர் பெற்ற ஆளெண்டா கனக்க இடத்தில உங்களை நடத்தப் போறது போஸ்ட்டொக் (பிஎச்டி முடிச்சு லாப்பில ஆராய்ச்சி செய்யிற ஆள்) தான். எனக்கெண்டா முதலாமவர்தான் விருப்பம்.

மெயில்ல "உங்கட வேலை மிகவும் பிடிச்சிருக்கு" எண்டு எழுதாதேங்கோ, எல்லாரும் அதைத்தான் எழுதுறது. பேப்பரை ஒழுங்கா வாசிச்சு, "நீங்க இரத்தத்தை டைலூட் பண்ணித்தான் சனலுக்குள்ள (சிப்பில இருக்கிற மெல்லிய குழாய்க்குள்ள) விட்டிருக்கிறீங்க, அப்பிடியே முழு இரத்தத்தை விட்டா செல் அடைக்காதா?" எண்டு ஒரு கேள்வி கேளுங்கோ, அது காணும். இங்க கிளீன்ரூம் (சிப் செய்யிற தூசியில்லாத அறை) கிடைக்கிறது கஷ்டம்தான், எண்டாலும் த்ரீடி பிரிண்டர்ல அச்சு எடுத்து, பிடிஎம்எஸ் எண்ட சிலிக்கோன் ரப்பரை அதை இறுக்கிற திரவத்தோட 10:1 கலந்து, வாயுக்குமிழ் போக வக்குவமில வச்சு, ஒவன் அடுப்பில சூடாக்கி இறுக்கி ஒரு சனல் செய்து பாருங்கோ. குமிழ் நிண்டா சனல் பழுதாப் போகும் எண்டு கையால தெரிஞ்சவன் இன்டர்வியூவில கதைக்கிற விதமே வேற.

ஒண்டு விளங்கிக்கொள்ளுங்கோ, "அப்ளை பண்ணு" எண்டு புரொபசர் சொல்றது அட்மிஷன் இல்ல. அமெரிக்காவில கன டிப்பார்ட்மெண்ட்ல பைலைப் பாக்கிறது கொமிட்டி, ஆனா உங்கட சம்பளம் கூடுதலா புரொபசரிண்ட கிராண்ட்ல (ஆராய்ச்சிக்குக் கிடைச்ச காசில) இருந்துதான் வரும், அதால காசு இருக்கோ எண்டு மரியாதையாக் கேளுங்கோ, ஆரும் கோவிக்க மாட்டினம். டெட்லைன் கூடுதலா டிசம்பர்ல வரும், ட்ரான்ஸ்கிரிப்டுக்கும் ரெகமெண்டேஷனுக்கும் செப்டெம்பர்லயே சேர்மாரைப் பிடியுங்கோ, ஒஃபிசில பைல் எவ்வளவு நாள் தூங்கும் எண்டு உங்களுக்குத் தெரியும்தானே. அப்ளிகேஷன் பீஸ் டொலர்ல, இண்டைய ரேட்டுக்கு வயிறு எரியும், வேவர் (பீஸ் விலக்கு) இருக்கோ எண்டு முதலே எழுதிக் கேளுங்கோ.

இன்டர்வியூ இலினோய் மாதிரி இடத்தில குளிர்காலத்தில காலை 9 மணிக்கு எண்டா கொழும்பில இரவு 8.30. வெள்ளவத்தை போர்டிங்கில அந்த நேரம் எல்லாரும் ஒண்டா வைஃபையில ஏறுவினம், டேட்டா போட்டு வையுங்கோ. ஃபண்டிங்கோட ஒஃபர் வந்தா உடன ஓம் சொல்லச் சொல்லி அவசரப்படுத்தினாலும் பயப்பிடாதேங்கோ, கனக்க யூனிவர்சிட்டியள் ஏப்ரல் 15 வரைக்கும் யோசிக்க விடுறதெண்டு ஒத்துக்கொண்டிருக்கு.