பூட்டியின் பெயர் கிடைத்த வழி

எங்கள் ஊர் பழைய சிவகங்கை ஜமீன் கிராமம். குடும்ப வரலாறு தேடக் கிளம்புகிறவர் தன் ஊரைப் பற்றி முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதி இதுதான்: ரயத்துவாரியா (குடியானவர் நேராக அரசுக்கே தீர்வை கட்டிய ஊர்), ஜமீனா, இனாமா (தீர்வையைத் தள்ளியோ குறைத்தோ மானியமாக விட்ட ஊர்)? ரயத்துவாரி ஊர்க்காரர்கள் நிலத்துக்குத் தீர்வை நிர்ணயித்த பழைய செட்டில்மெண்ட் பதிவேடுகளைப் பிடித்து மேலே போகலாம். ஜமீன் ஊர்களில் 1948-ல் எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் வரும்வரை குடியானவர் தீர்வை கட்டியது ஜமீனுக்கு. அரசு நேரடியாகப் பட்டா கொடுத்தது அதற்குப் பிறகுதான். ஊர்க் கணக்கெல்லாம் கணக்குப்பிள்ளை வீட்டில் கிடந்தது. 1980 நவம்பரில் பரம்பரைக் கிராம அதிகாரிகள் பதவியை அரசு ஒழித்தபோது அந்தக் கட்டுகள் எல்லாமே தாலுகா அலுவலகம் போய்ச் சேர்ந்துவிடவில்லை.

மாவட்டப் பெயரையும் கவனிக்க வேண்டும். எங்கள் பக்கம் 1910 வரை மதுரை ஜில்லா. பிறகு இராமநாதபுரம். 1985-ல் பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் மாவட்டம். இப்போது சிவகங்கை. ஊர் இருந்த இடத்தில்தான் இருக்கிறது. காகிதத்தில் மட்டும் இடம் மாறிக்கொண்டே இருக்கும்.

நான் தேடியது என் பூட்டியை, அதாவது அப்பாவின் அப்பத்தாவை. ஆண்வழியில் ஐந்து தலைமுறைப் பெயரை அப்பா மூச்சுவிடாமல் சொல்வார். பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைக்கிற வழக்கத்தால் அந்த ஐந்தும் உண்மையில் இரண்டே பெயர்கள்தான், மாறி மாறி வரும். ஆனால் பூட்டியின் பெயர் அவருக்குத் தெரியவில்லை. ஐயாவுக்கு, அதாவது அப்பாவின் அப்பாவுக்கு, தெரிந்திருக்கும்; அவர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. ஒரு பெண் எங்கள் வீட்டுக்கு வாழ வந்து, பிள்ளை பெற்று, சிறுவயதில் தாலியறுத்து, வயலையும் பிள்ளைகளையும் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறார். அவர் பெயர் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை என்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

அந்தத் தலைமுறையைக் கண்ணால் பார்த்தவர் சின்ன அப்பத்தா ஒருவர்தான். ஐயாவின் தம்பி மனைவி; பூட்டிக்குச் சின்ன மருமகள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு திண்ணையில் வந்து உட்கார்வார். அந்த நேரம்தான் பேச வாகு. அனுமதி கேட்டு போனில் பதிவு செய்துகொண்டேன்.

“பேரு எங்க அப்பு எனக்குத் தெரியும்? எங்க மாமியாள எல்லாரும் திருப்புவனத்தாண்டுதேன் கூப்பிடுவாக.”

எங்கள் பக்கம் வாக்கப்பட்டு வந்த பெண்ணைப் பிறந்த ஊர்ப் பெயரால்தான் கூப்பிடுவார்கள். அந்த ஊர்ப் பெயரே வாழ்நாள் முழுக்கப் பெயராக நின்றுவிடும். ஆனால் அதுவே எனக்குப் பிடிகயிறு ஆனது.

வயதானவர்களிடம் வருஷமும் பெயரும் கேட்டால் பேச்சு நின்றுவிடுகிறது. யார் வீட்டில் பெண் எடுத்தார்கள், எந்தக் கல்யாணத்தில் சண்டை வந்தது, கிணறு வெட்டியது யார், பங்கு பிரித்தபோது யார் கோபித்துக்கொண்டு போனார் என்று கேட்டால் நிற்காது. காலத்தையும் அவர்களுடைய அடையாளங்களால்தான் கேட்க வேண்டும்: ஜப்பான்காரன் குண்டு போட்டதற்கு முன்பா பின்பா, காந்தி செத்த வருஷமா, தனுஷ்கோடிப் புயலுக்கு முன்பா. தனுஷ்கோடி என்றால் 1964 டிசம்பர் என்று நாம் குறித்துக்கொள்ளலாம். தமிழ் வருஷப் பெயர் சொன்னால் அறுபது வருஷச் சுற்றை மறக்கக்கூடாது. தாது என்றால் 1876 ஆகலாம், 1936 ஆகலாம், 1996-ம் ஆகலாம். ஜாதக நோட்டு இருந்தால் கவலையில்லை. வருஷத்தோடு மாதம், தேதி, கிழமை, நட்சத்திரம் எல்லாம் எழுதியிருப்பதால் எந்தச் சுற்று என்பதைப் பஞ்சாங்கத்தை வைத்துத் தீர்மானித்துவிடலாம்.

அடுத்து நான் போய் நின்றது குலதெய்வக் கோயில் பங்காளிகள் முன்னால். சிவராத்திரிக்கும், மண்குதிரை செய்து கோயிலுக்கு எடுத்துப்போகும் புரவி எடுப்புக்கும் வரி பிரித்த தலைக்கட்டு நோட்டுகளைப் பொறுப்பாளர் ஒருவர் டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தார். அதை வெறும் வரவு நோட்டு என்று நினைத்துவிடாதீர்கள். கல்யாணம் ஆனவர்தான் எங்களில் தனித் தலைக்கட்டு. ஒரு பெயர் முதன்முதலாக எந்த ஆண்டு வருகிறதோ, அதையொட்டித்தான் அவருக்குக் கல்யாணம். எந்த ஆண்டு அந்தப் பெயர் போய் மகன் பெயர் வருகிறதோ, அதற்குள் அவர் காலமாகியிருக்கிறார். பிறப்பு இறப்புப் பதிவேடு தராத தகவலை இந்த நோட்டு தந்தது. (பழைய பிறப்புப் பதிவுகளில் குழந்தையின் பெயர் பெரும்பாலும் இருக்காது, ஆண் அல்லது பெண் என்றும் தகப்பன் பெயரும் இருக்கும். நாமகரணத்துக்கு முன்பே எழுதிவிடுவார்கள்.)

ஆனால் தலைக்கட்டு நோட்டிலும் எல்லாம் ஆண்கள். பெண்வழிக்கு மொய் நோட்டுதான். ஐயாவின் கல்யாண மொய் நோட்டு சின்ன அப்பத்தா வீட்டுப் பெட்டியில் இருந்தது. ஊர்வாரியாக எழுதியிருந்தார்கள். திருப்புவனத்துக்குப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றின் கீழ் முதல் வரி, மற்றவற்றைவிடப் பெரிய தொகை, “தாய்மாமன்” என்ற குறிப்போடு ஒரு பெயர். ஐயாவின் தாய்மாமன் என்றால் பூட்டியின் உடன்பிறந்தான்! அன்றைக்கு இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அந்தக் குடும்பத்தோடு போக்குவரத்து அற்றுப்போய் இரண்டு தலைமுறை ஆகியிருந்தது. இங்கே எனக்குக் கைகொடுத்தது வாக்காளர் பட்டியல். 2002, 2005 பட்டியல்கள் இணையத்தில் கிடைக்கின்றன. பெயர், வயது, தந்தை அல்லது கணவர் பெயர், வீட்டு எண் இருக்கும். 2002-ல் எண்பது வயது என்று ஒருவர் இருந்தால் அவருடைய தகப்பனார் 1900-க்கு முன்னே பின்னே பிறந்தவர். ஆக, இந்தக் காலத்துப் பட்டியல் ஒன்று நூறு வருஷத்துக்கு முந்தைய பெயரைக் காட்டுகிறது. அந்தச் சிற்றூர்ப் பட்டியலில் தந்தை பெயர் மட்டும் பார்த்துக்கொண்டே வந்தேன். தாய்மாமன் பெயர் அகப்பட்டது. அதே வீட்டு எண்ணில் அவருடைய பேரன்மார்.

போனேன். முறை சொன்னதும் பாய் விரித்து உட்காரவைத்தார்கள். அந்த வீட்டின் மூத்த அத்தை யோசிக்கவே இல்லை; பெயரை உடனே சொன்னார். தன் அக்காவுக்கு வைத்ததே அந்தப் பெயர்தானாம். பிறந்த வீட்டில் அந்தப் பெயர் உயிரோடுதான் இருந்திருக்கிறது.

வாய்மொழியை எழுத்தோடு ஒத்துப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். அதற்குப் பத்திரம். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்க விவரம் 1975-லிருந்து எளிதாகப் பார்க்க முடிந்தது. அதற்கு முந்தியதற்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப்போட்டுத் தேடச் சொன்னேன். பலருக்கும் தெரியாத ஒன்று: அங்கே சொத்துவாரி அட்டவணை மட்டுமல்ல, எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர் பெயர்வாரி அட்டவணையும் உண்டு. 1908-ம் ஆண்டுப் பதிவுச் சட்டம் 57-வது பிரிவின்படி, முதல் புத்தகத்தில் பதிவான அசையாச் சொத்துப் பத்திரங்களை யாரும் கட்டணம் கட்டிப் பார்க்கலாம், நகலும் கேட்கலாம். சர்வே எண் தெரியாத பழைய நிலத்துக்கு இந்தப் பெயர் அட்டவணைதான் வழி.

ஒரே பெயர் மாறி மாறி வரும் எங்களைப் போன்ற குடும்பங்களில், பத்திரத்தில் இருப்பது பாட்டனா, அவருடைய பாட்டனா என்று பெயரை வைத்துச் சொல்ல முடியாது. நான்கெல்லையைப் பாருங்கள். பக்கத்து நிலத்துக்காரர் பெயர்களும் அண்ணன் தம்பி பெயர்களும் ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும்.

கடைசியில் முப்பதுகளில் எழுதிய பாகப்பிரிவினைப் பத்திரம் கிடைத்தது. பாகப்பிரிவினையைவிட நல்ல வம்சாவளி ஆவணம் நம் ஊரில் கிடையாது என்பேன். பங்குள்ள ஒவ்வொருவரும் இன்னார் குமாரர் என்று வரிசையாக நிற்பார்கள். ஐயாவும் தம்பியும் மைனர்களாக இருந்ததால், அவர்களுக்காக “தாயாரும் கார்டியனுமான” என்று எழுதி, அத்தை சொன்ன அதே பெயர். கீழே அவருடைய இடது பெருவிரல் ரேகை என்று எழுத்தர் குறித்திருக்கிறார்.

அதே பத்திரத்தில் பூட்டனின் தம்பி ஒருவர் “தற்சமயம் ரங்கூனில் இருப்பவர்” என்று வருகிறார். அவருக்கும் பங்கு ஒதுக்கியிருக்கிறார்கள். 1941 டிசம்பரில் ரங்கூனில் குண்டு விழுந்த பிறகு நடந்தே ஊர் திரும்பியவர்கள் எங்கள் பக்கம் உண்டு, இவர் திரும்பவில்லை. 1964-க்குப் பிறகு பர்மாவிலிருந்து கப்பலேறி வந்து குடியேறிய குடும்பங்களில் இவர் வழியினர் இருக்கிறார்களா என்று இப்போது விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

வரும் சிவராத்திரிக்குக் குடும்ப வரைபடத்தைப் பெரிதாக அச்சடித்துக் கோயிலுக்குக் கொண்டுபோகிறேன். ஒவ்வொரு ஆணின் பெயருக்குப் பக்கத்திலும் இரண்டு வரி காலியாக விட்டிருக்கிறேன்: மனைவியின் பெயர், அவர் பிறந்த ஊர். பங்காளி வீட்டு அத்தைமார், சித்திமார் கையில்தான் பேனாவைக் கொடுக்கப் போகிறேன்.